வாத்தியாருக்கு இங்கிலீஷ் பாடம்

சென்ற வருஷம் ஒரு கல்லூரியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஆசிரியர்களுக்குப் பத்து நாள் பயிற்சி முகாம் நடத்துகிறோம், கடைசி நாள் விழாவுக்கு நீங்கள் வந்து சர்டிபிகேட்டுகளை வழங்கி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று பிரின்ஸிபால் டெலிபோனில் சொன்னார். நாவல் எழுதுகிறவனை இந்த மாதிரிக் காரியங்களுக்கு எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். மந்திரிகள் கிடைக்காத நாளில் எங்கள் ஞாபகம் வருகிறது போலிருக்கிறது. முகாம் எதைப் பற்றி என்று கேட்டேன்.

"எங்கள் பேராசிரியர்கள் அவரவர் பாடத்தை இங்கிலீஷில் நடத்துவதற்குப் பயிற்சி சார்" என்றார்.

"உங்களுடையது ஆங்கில மீடியம் கல்லூரிதானே? இத்தனை நாளாக எதில் நடத்திக்கொண்டிருந்தார்கள்?"

எதிர்ப்பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நீங்கள் நேரில் வாருங்கள், பேசலாம்" என்றார்.

எதில் நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் படித்த எவருக்கும் தெரியும். ரிஜிஸ்தரில் ஆங்கில மீடியம் என்று இருக்கும். பேராசிரியர் வகுப்பில் தமிழில்தான் பேசுவார். மணி அடிக்கப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது, "சரி, எழுதிக்குங்க" என்று நோட்ஸைப் பிரிப்பார். பிறகு வருவது ஆங்கிலம். கமாவும் புல்ஸ்டாப்பும் உள்பட அவர் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். தமிழில் சொன்ன முப்பது நிமிஷம் காற்றோடு போய்விடும். ஆங்கிலத்தில் எழுதிக்கொண்ட பதினைந்து நிமிஷம்தான் பரீட்சைக்கு வரும்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் பெண் பி.எஸ்ஸி. ரசாயனம் படிக்கிறாள். அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். துணி கொடுக்க வரும்போது சில சமயம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவாள். படிப்பெல்லாம் எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். "வகுப்புல கேக்கும்போது நல்லாப் புரியுது சார். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தா, வேற யாரோ எழுதின மாதிரி இருக்கு" என்றாள். நமது உயர்தரக் கல்வியைப் பற்றிக் கமிஷன்கள் பக்கம் பக்கமாக எழுதியவற்றில் இவ்வளவு தெளிவான ஒரு வாக்கியத்தை நான் படித்ததில்லை.

அந்தப் பெண்ணுக்கு வகுப்பு புரிகிறது, நோட்டு புரியவில்லை. இதற்கு நம்முடைய கல்வி நிபுணர்கள் கண்டுபிடித்திருக்கும் பரிகாரம், வகுப்பையும் நோட்டைப் போலவே ஆக்கிவிடுவது.

முகாமுக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்விட்டேன். அன்றைக்குத்தான் ஒவ்வொரு ஆசிரியரும் பத்து நிமிஷம் தம் பாடத்தை ஆங்கிலத்தில் நடத்திக் காட்ட வேண்டிய நாள். பயிற்சி கொடுக்க வந்திருந்தவர் ஓர் இளைஞர். கெட்டிக்காரர், மரியாதை தெரிந்தவர், கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சண்டை போடுவது அவரோடு அல்ல. அவர் கையில் ஒரு தாள் இருந்தது. உச்சரிப்பு, இலக்கணம், தடங்கலில்லாத பேச்சு, எதிரே இருப்பவர்களின் கண்ணைப் பார்த்துப் பேசுதல், தன்னம்பிக்கை என்று ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க்கு. பாடம் யாருக்காவது புரிந்ததா என்பதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. புரிந்துகொள்ள அங்கே ஒரு மாணவனும் இல்லை. ஆசிரியர்களே மாணவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் எல்லாம் முன்பே தெரியும்.

பௌதிகப் பேராசிரியர் ஒருவர் எழுந்து வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பாடம் பரப்பு இழுவிசை. இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டார். புஸ்தகத்தில் உள்ள விளக்கத்தை ஒப்பித்தார். ஒரு சூத்திரத்தைப் பலகையில் எழுதினார். 'தேர்ஃபோர்' என்றார். இன்னொரு தடவை 'தேர்ஃபோர்' என்றார். பத்து நிமிஷத்தில் நாலு நிமிஷம் ஆகியிருந்தது. அவ்வளவுதான் என்று சொல்லி வந்து உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஐம்பதுக்குப் பத்தொன்பது. அவருக்குப் பிறகு வந்த வணிகவியல் இளைஞர் மடமடவென்று பொரிந்து தள்ளி நாற்பத்து மூன்று வாங்கினார். அவர் என்ன சொன்னார் என்பது சாயங்காலமே எனக்கு மறந்துவிட்டது.

டீ இடைவேளையில் நான் அந்தப் பௌதிகக்காரர் பக்கத்தில் போய் நின்றேன். "எனக்குப் பௌதிகம் தெரியாது. பரப்பு இழுவிசை என்றால் என்ன என்று எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்களேன்" என்றேன். கேலி செய்கிறேனோ என்று ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு டீத் தம்ளரை வைத்துவிட்டு, "வாங்க சார்" என்று மேடைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

மேடையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் கற்பூரம் வைத்திருந்தார்கள். ஒரு தம்ளரைக் குழாயடியில் மூன்று தடவை நன்றாக அலம்பி, தண்ணீர் பிடித்து வந்தார். கற்பூரத்தைக் கிள்ளி ஒரு துணுக்கைத் தண்ணீரில் போட்டார். அது உயிர் வந்த மாதிரி ஓட ஆரம்பித்தது. சுழன்றது, திரும்பியது, விளிம்பில் முட்டிக்கொண்டு மறுபடி ஓடியது. "தண்ணீருக்கு மேலே ஒரு தோல் இழுத்துக் கட்டின மாதிரி இருக்கு சார். கற்பூரம் கரையற பக்கத்தில அந்தத் தோல் தளர்ந்துபோகுது. எதிர்ப்பக்கம் இழுக்குது. அதான் ஓடுது" என்றார். அப்புறம் தம் தலையில் விரலைத் தேய்த்து, அந்த எண்ணெய் விரலால் தண்ணீரை லேசாகத் தொட்டார். கற்பூரம் சட்டென்று நின்றுவிட்டது. அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றது.

எங்களைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர் இப்போது மேஜையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை; கைகள் இரண்டும் பேசின. 1890இல் இங்கிலாந்தில் ரேலி பிரபு என்ற விஞ்ஞானி இதே விளையாட்டைப் பெரிய தொட்டித் தண்ணீரில் விளையாடினாராம். கற்பூரத்தை நிறுத்துவதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்று நிறுத்துப் பார்த்தாராம். எண்ணெயின் எடை தெரியும், தண்ணீரின் பரப்பு தெரியும். வகுத்துப் பார்த்தால் எண்ணெய்ப் படலத்தின் கனம் கிடைத்துவிடும். கண்ணுக்கே தெரியாத அணுத்திரளின் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டார், கற்பூரத்தையும் தொட்டியையும் வைத்துக்கொண்டு! "நம்ம வீட்டுப் பூஜை அறையில இருக்கிற சாமான்தான் சார்" என்று சொல்லிச் சிரித்தார்.

பயிற்சி கொடுத்த இளைஞரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அற்புதம் சார்! இதையே இங்கிலீஷில் சொல்லியிருந்தால் நாற்பதுக்கு மேல் போட்டிருப்பேனே!" என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

"சொல்ல வரலியே தம்பி" என்றார் பேராசிரியர்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாதென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ரேலி பிரபுவைப் பற்றி அவர் தமிழிலா படித்திருப்பார்? படிக்க வரும், எழுத வரும், அவரளவில் பேசவும் வரும். வராதது ஒன்றுதான். எதிரே ஒரு பையன் முழிக்கிறான் என்று கண்டதும் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, ஒரு வேடிக்கை சொல்லி, அவன் ஊர்க் குளத்தைச் சொல்லி, அவன் அம்மா துணி துவைக்கும் சோப்பைச் சொல்லி, கடைசியில் விஷயத்தை அவன் கையில் கொடுத்துவிடும் அந்தச் சாமர்த்தியம். அது அவரிடம் தமிழில் இருக்கிறது. பத்து நாளில் ஆங்கிலத்துக்கு மாறி வந்துவிடாது. பத்து வருஷத்தில் வரலாம். அதற்குள் அவர் ரிடையர் ஆகிவிடுவார். முகாமினால் வந்தது, கையைக் கட்டிப்போட்டதுதான்.

இது நம் ஊர் ஏழைக் கல்லூரியின் கதை, மேல்நாட்டில் இப்படி இல்லை என்று யாராவது சொல்லக்கூடும். சுவீடன் தேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிள்ளைகள் ஆங்கிலப் படங்களை ஆங்கிலத்திலேயே பார்த்து வளர்கிறவர்கள். ஜான் ஏரி, செட்ரிக் லிண்டர் என்ற இருவர் அந்த நாட்டுப் பௌதிக மாணவர்களை ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்தப் பாஷையில் நடத்தினாலும் எங்களுக்கு ஒன்றுதான் என்று மாணவர்கள் முதலில் சொன்னார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த வகுப்புகளின் படத்தையே போட்டுக் காட்டிப் பேசியபோது, சமாசாரம் வெளியே வந்தது. ஆங்கில வகுப்பில் அவர்கள் கேள்வி கேட்பது குறைந்திருந்தது, பதில் சொல்வதும் குறைந்திருந்தது. நோட்ஸ் எழுதுவதிலேயே மும்முரமாக இருந்ததால் கேட்பது மனத்தில் ஏறவில்லை என்றவர்களும் உண்டு. ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கழகத்தில் இன்னொரு சோதனை நடந்தது. ஒரே ஆட்களை ஒரே பேச்சைத் தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் பேசச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் அவர்கள் வேகம் சுமார் 23 சதவீதம் குறைந்துவிட்டது. சுவீடன்காரன் நிலை இது. நமது இஸ்திரிக்காரர் பெண் முதல் வரிசையில் எழுந்து நின்று, "சார், தேர்ஃபோருக்கு முந்தி என்ன சொன்னீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிடப் போகிறாளா?

"அப்படியானால் ஆங்கிலமே வேண்டாம் என்கிறீரா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது? நான் படித்த நாவல்களில் பாதி ஆங்கிலத்தின் வழியாக வந்தவை. அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் வேண்டும். எனக்கு வேண்டியதைவிட அதிகமாக வேண்டும். அவளை வேலைக்கு எடுக்கப் போகிறவன் ஆங்கிலத்தில்தான் கேள்வி கேட்பான். ஆனால் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்க என்றே ஒரு வகுப்பு இருக்கிறதே, பகுதி இரண்டு என்று! அதில் அறுபது எழுபது பேரை ஒரே அறையில் அடைத்து, அங்கேயும் கைடை வைத்துக்கொண்டு கதைச் சுருக்கத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். மாணவன் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசாமலே அந்தப் பரீட்சையில் பாஸ் செய்துவிடலாம். அந்த வகுப்பைச் சீர்திருத்த வேண்டுமானால் ஆட்கள் வேண்டும், பணம் வேண்டும். ஆகவே ஆங்கிலத்தைக் கற்பிக்கும் பாரத்தைப் பௌதிகக்காரர் தலையில் ஏற்றிவிட்டு, பத்து நாள் முகாமோடு கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். பௌதிகம் போகும், ஆங்கிலமும் வராது.

இத்தாலியில் மிலான் நகரத்துப் பாலிடெக்னிக்கில் ஒரு வழக்கு நடந்தது. அந்த ஸ்தாபனம் 2012இல், எம்.ஏ. தரத்திலும் அதற்கு மேலும் உள்ள படிப்புகள் அனைத்தையும் ஆங்கிலத்திலேயே நடத்துவது என்று முடிவு செய்தது. அங்கேயே வேலை பார்க்கும் பேராசிரியர்கள் சுமார் நூறு பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2013இல் அவர்கள் பக்கம் தீர்ப்பாயிற்று. மேலே போய், 2017இல் அரசியல் சாசன நீதிமன்றம் வரைக்கும் வந்தது. சில பாடங்களை ஆங்கிலத்தில் நடத்துவதில் தப்பில்லை, ஆனால் இத்தாலிய மொழியை அடியோடு ஒதுக்கிவிட்டு முழுப் படிப்பையும் ஆங்கிலத்தில் மட்டுமே நடத்துவது மாணவர்களின் சமத்துவத்துக்கும் ஆசிரியரின் சுதந்திரத்துக்கும் ஒவ்வாது என்கிற தோரணையில் நீதிபதிகள் சொன்னார்கள். டென்மார்க்கில் கோர்ட் இல்லாமலே கொஞ்சம் புத்தியோடு செய்கிறார்கள். கோபன்ஹேகன் சர்வகலாசாலையில் ஆங்கிலத்தில் பாடம் நடத்த வேண்டிய ஆசிரியர் ஒரு சிறு பாடத்தை நடத்திக் காட்டுகிறார். மாணவர் கேட்பது போல் அவரிடம் கேள்வியும் கேட்கிறார்கள். குறைந்தபட்சம் கேள்வி கேட்பதற்கு ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். நம் முகாமில் அதுவும் கிடையாது.

நம் தரப்புத் தமிழன்பர்கள் இங்கே என் முதுகில் தட்டிக்கொடுக்க வர வேண்டாம். அவர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 1966இல் கோத்தாரி கமிஷன், பத்து வருஷத்துக்குள் படிப்படியாகப் பிரதேச பாஷைகளைச் சர்வகலாசாலையின் போதனா மொழியாக ஆக்கிவிடலாம் என்று யோசனை சொன்னது. தலைவர் கோத்தாரி பெரிய பௌதிக விஞ்ஞானி. விவரம் தெரியாமல் சொன்னவர் அல்ல. அதற்கு முன்பே 1960இல் கோயம்புத்தூர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பைத் தமிழில் நடத்தத் தொடங்கிவிட்டோம். புஸ்தகங்கள் போட்டோம். அவற்றில் சில உண்மையிலேயே நல்ல புஸ்தகங்கள். பழைய புஸ்தகக் கடையில் கிடைத்தால் இன்றும் வாங்குகிறேன். ஆனால் ஆசிரியரை யார் தயார் செய்தார்கள்? தமிழில் நடத்த ஒரு பயிற்சி வேண்டும் என்று எவருக்காவது தோன்றிற்றா? தமிழன்தானே, தமிழில் பேசத் தெரியாதா என்று விட்டுவிட்டோம். கலைச்சொல் எது என்பதில் மேடையில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தோம். கற்பூரம் காட்டுகிற வாத்தியார் அப்போதும் தனியாகத்தான் நின்றுகொண்டிருந்தார்.

எங்கேயோ ஒருவர் இதைச் செய்துதான் பார்த்திருக்கிறார். தமிழரும் அல்ல அவர். அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் ஊர்க்காரரான டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை வைத்து, பையன்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் தேறியவர்கள் சம்பளத்தைத் தேடி உத்தியோகத்துக்குப் போய்விடுவதையும் கிராமத்து நோயாளிகள் அப்படியே கிடப்பதையும் பார்த்தார். 1860களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். அதற்காக மாணவர்களைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பவில்லை. தாம் தமிழ் படித்தார். மாணவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். கெமிஸ்தம் என்று பெயர் வைத்ததைப் பாருங்கள். தமிழில் சொல் அகப்படவில்லையே என்று அழுதுகொண்டிருக்கவும் இல்லை, ஆங்கிலத்தை அப்படியே விடவும் இல்லை. 1873இல் ஊர் திரும்பிய பிறகும் அங்கிருந்தபடியே தமிழ்ப் புஸ்தக வேலையைத் தொடர்ந்தார். அவர் போன பின் தமிழில் நடந்த அந்த வைத்தியப் படிப்பு நிலைக்கவில்லை என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. ஒரு மனிதனோடு தொடங்கியது அந்த மனிதனோடு நின்றது. ஆனால் செய்ய முடியாது என்று மட்டும் இனிமேல் யாரும் என்னிடம் சொல்லக்கூடாது.

பயிற்சியே கூடாதென்று நான் சொல்லவில்லை. வேறு பயிற்சி கொடுங்கள் என்கிறேன். வகுப்பில் தமிழைத் திருட்டுத்தனமாகப் பேசுவதை விட்டு வெளிப்படையாகப் பேசச் சொல்லிக்கொடுங்கள். கற்பூரத்தைத் தமிழில் ஓட விட்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் ஆங்கிலப் புஸ்தகத்தைத் திறந்து, இப்போது பார்த்ததை இந்தப் பக்கத்தில் எப்படி எழுதியிருக்கிறான் பார் என்று வரி வரியாகக் காட்டுவது எப்படி? நோட்ஸை ஆசிரியர் சொல்லாமல், கேட்ட விஷயத்தை மாணவனே நாலு ஆங்கில வாக்கியமாக எழுதும்படி செய்வது எப்படி? இது கஷ்டமான வித்தை. இதற்குப் பத்து நாள் போதாது என்றால் முப்பது நாள் வைத்துக்கொள்ளுங்கள், நான் சாப்பாட்டுச் செலவுக்குச் சந்தா தருகிறேன். அப்போது அந்த நோட்டு அவளே எழுதினதாக இருக்கும். ஆங்கில மீடியத்தில் சேர்ந்தவர்களையும் அவரவர் தாய்மொழியில் பரீட்சை எழுத விடுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழுவே 2023இல் சர்வகலாசாலைகளைக் கேட்டுக்கொண்டது. அந்தக் காகிதம் எந்த அலமாரியில் இருக்கிறதோ!

கடைசியாக, இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளக்கூடாது. தமிழில் கதை படிக்கிற குடும்பங்கள் உங்களுடையவை. காலேஜ் புரோபஸர் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையைத் தப்பாக உச்சரித்தால், பையன் வீட்டுக்கு வந்து அதைப் பேசிக் காட்டுகிறான். சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் கல்லூரிகள் இந்த முகாம்களை நடத்துகின்றன. உங்கள் பையன் பிழைத்துக்கொள்வான். அவனுக்கு வீட்டில் ஆங்கிலம் இருக்கிறது, டியூஷன் இருக்கிறது. அவனுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அந்த ஐம்பது நிமிஷத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

விழாவில் நான் பேச எழுந்தபோது, நிகழ்ச்சியை நடத்திய பெண் என் காதருகில் வந்து, "சார், இன்றைக்கு மட்டும் இங்கிலீஷில் பேசினால் பொருத்தமாக இருக்கும்" என்றாள். நான் மேலே எழுதியதில் பாதியைத் தமிழில் பேசினேன். நன்றாகக் கை தட்டினார்கள். பிறகு சர்டிபிகேட்டுகளை வழங்கினேன். பௌதிகப் பேராசிரியர் தம்முடையதை வாங்கிக்கொண்டு, பெயரில் ஓர் எழுத்து தப்பாக அச்சாகியிருப்பதைச் சிரித்தபடி எனக்குக் காட்டினார்.

இந்த வருஷமும் அதே கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. வருகிறேன், ஆனால் அந்தத் தாளில் ஆறாவதாக ஒரு கட்டம் போட்டு, ஹாலில் இருபது மாணவர்களை உட்கார வையுங்கள் என்று பதில் எழுதினேன். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. போன வாரம் பஸ்ஸில் அந்தப் பௌதிகக்காரரைப் பார்த்தேன். இரண்டாவது முகாமுக்கும் அவர் பெயரைச் சேர்த்திருக்கிறார்களாம்.